முதல் மனைவி சொன்னது

துப்பறியும் அக்காவைக் கண்டால் ரவுடிகள்கூட எதிர்ப்பக்கம் நடப்பார்கள். அவளிடம் ஒரு வருடமாக வேலை பார்க்கும் டைப்பிஸ்டுக்கு அதில் தனிப் பெருமை.

அன்று பெண்ணைப் பெற்ற ஒருவர் மாப்பிள்ளையின் போட்டோவை மேஜையில் வைத்தார்.

"இவருக்கு ரெண்டாம் கல்யாணம்மா. முதல் பொண்டாட்டி பஜாரியாம். பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்கதான் அவளைத் தேடிப்பிடிச்சு விசாரிக்கணும். எனக்கு ஒரே பொண்ணு."

அக்கா போட்டோவை நெடுநேரம் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை கொடுத்த அறிக்கையில் இரண்டே வரிகள். 'முதல் மனைவியை விசாரித்தோம். கணவர் தங்கமானவர், தப்பெல்லாம் தன்னுடையது என்கிறார்.'

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வயித்துல பாலை வார்த்தீங்கம்மா!"

அவர் படியிறங்கியதும் டைப்பிஸ்ட் கேட்டாள். "வாரம் பூரா நாற்காலியை விட்டே நீங்க எழுந்திரிக்கலையே. அவளை எப்பக்கா பார்த்தீங்க?"

"பார்க்கறதென்ன? நாலு வருஷம் அவளா இருந்தேன்."

"அப்ப அந்த மாப்பிள்ளை நிஜமாவே நல்லவரா?"

அக்கா இடது கையை மேஜைமேல் நீட்டினாள். எலும்பு ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. ஏதோ ரவுடியோடு போட்ட சண்டையில் ஒடிந்தது என்றுதான் டைப்பிஸ்ட் இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லி வந்தாள்.

"ஐயோ! அந்தப் பொண்ணு என்னக்கா பாவம் பண்ணுச்சு? அவ அப்பாவைக் கூப்பிடறேன்."

"கூப்பிடு. தனக்கு மறுகல்யாணம் ஆனாத்தான் என் மகளை எங்கிட்ட விடுவானாம். ஏழு வயசு. முந்தியெல்லாம் போன்ல அழுவா. இப்ப அழறதுகூட இல்லை."

டைப்பிஸ்ட் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பஸ் கிளம்பும்வரை பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.