தாலிக்கொடியில் ஒரு பதக்கம்

சக்திப் பதக்கங்களைப் பற்றிச் செய்தியில் படித்ததிலிருந்து ரித்திக்குக்கு ஒரே சந்தேகம். ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கருவியை மனைவி ரக்ஷனாவின் கழுத்துப் பதக்கத்தருகே நீட்டினான். அது கடகடவென்று கத்தத் தொடங்கியது.

"அத்தை, கதிர்வீச்சு! இந்தப் பெண்டன்ட்டை ராப்பகலா போட்டிருந்தா, பொதுமக்களுக்கு ஒரு வருஷத்துக்குன்னு வச்சிருக்கற லிமிட்டையே தாண்டிரும்!"

ரக்ஷனா எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாய் அமலாவை முறைத்தாள். "குளிக்கறப்பகூட கழட்டலம்மா. தாலியோட சேர்த்துக் கோத்து விட்டாங்களே உன் ஃபிரெண்டு!"

அமலாவுக்கு நினைவிருந்தது. சிராங்கூன் ரோடு மண்டபத்தில் வளைகாப்பன்று, "உடம்புக்குச் சக்தி, சுகப்பிரசவம் ஆகும்" என்று பூவம்மாதான் தன் கையால் கோத்துவிட்டாள். இந்த அடுக்குமாடிப் புளோக்கில் பாதிப் பேருக்கு அதை விற்றவளும் அவள்தான்.

"அவளை ஏண்டி குத்தம் சொல்ற? கம்பெனிக்காரன் அவளையும் ஏமாத்தியிருப்பான் லா, நாசமாப் போறவன்! ஐயோ, அவ பொண்ணு அனுப்ரியாவும் மாசமா இருக்காளே!"

மகள் பதக்கத்தைக் கழற்றியதும் அமலா ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மூன்று மாடியையும் படியிலேயே இறங்கினாள்.

பூவம்மா வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், பதக்கப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. முன்பெல்லாம் கூடத்தில் பத்திரமாக இருந்தவை. அனுப்ரியா பிரசவத்துக்கு வந்த அன்றே, "உள்ள இடமில்ல லா" என்று பூவம்மா அவற்றை வெளியே வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்தது அனுப்ரியா. "அம்மா தேக்கா மார்க்கெட் போயிருக்காங்க ஆன்ட்டி. உள்ள வாங்க."

அமலாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரே தட்டில் தோசை தின்ற சிநேகிதியின் மகள், தானும் சேர்ந்து தூக்கி வளர்த்த பிள்ளை. கண்ணில் நீர் முட்டியது.

"கண்ணு, முதல்ல அந்தப் பெண்டன்ட்டைக் கழட்டு. வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். அவளை ஏசிடாத."

அனுப்ரியா ஒன்றும் புரியாமல் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினாள். அதில் தாலியைத் தவிர எதுவும் இல்லை.

"நான் எங்க ஆன்ட்டி போட்டேன்? மாசமா இருக்கறப்ப அது பக்கத்துலயே போகக்கூடாதுன்னு அம்மாதான் சொன்னாங்க."