அம்மோனியாவைக் கேட்டபோது

1977 செப்டெம்பர் 6, காலை ஒன்பதேகால். முப்பது பெட்டித் தேயிலையில் ஒன்றில் மட்டும் வேற்று வாசனை. பெட்டி நிரப்பியவர் கணபதி.

"முதுகுக்கு யூக்கலிப்டஸ் தைலம் பூசிக்கொண்டு வேலைக்கு வாறவன் சேர். வேறை ஆர்?" என்றார் மடுல்சீமைத் தோட்டத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் கனகரத்தினம். "நீங்கள் அறிக்கையிலை ஒரு வரி எழுதுங்கோ. வேலையும் இல்லை, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இல்லை."

பதுளையிலிருந்து வந்திருந்த தேயிலைப் பரிசோதகர் இரகுநாதன் தும்மினார். தேயிலைத் தூசு அவருக்கு ஆகாது. பெட்டி நிரப்பிய அன்று மேற்பார்வைக்கு வந்தபோதும் லேஞ்சியும் மூக்குமாக, கைக்குட்டையை எடுக்காமல்தான் நின்றார்.

"பூசுனது உண்மைதாங்க," என்றார் கணபதி. "ஆனா கையக் கழுவிட்டுத்தாங்க பெட்டியத் தொட்டேன்."

இரகுநாதனுக்கு ஆவல் விடவில்லை. ஒரு பிடித் தேயிலையைப் போத்தலில் அடைத்து, லண்டன் ஆய்வுகூடமொன்றில் இருந்த பழைய வகுப்புத் தோழனுக்கு அனுப்பினார். வாயுவைச் செலுத்தி, வாசனைப் பொருளுக்கு மின்னேற்றி, அதன் மூலக்கூறை எடைபோடும் கருவி அங்கே இருந்தது.

பதில் வந்தது. "மீத்தேன் வாயு விட்டோம். மூலக்கூறு உடைந்து 137 எடையில் ஒரு துண்டு. யூக்கலிப்டஸ் தைலத்திலும் இது வரும்."

"முடிஞ்சுது," என்றார் கனகரத்தினம்.

"துண்டுதானே ஐஸே. முழுசு என்ன எண்டு தெரிய வேணும்."

"உங்களுக்கு வேறை வேலை இல்லை, சேர்."

இரண்டாவது கடிதம் ஜனவரியில் வந்தது. "மீத்தேன் ஓங்கி அடிக்கும், நொறுக்கிவிடும். இம்முறை அம்மோனியா. அது மெல்லத் தொடும். மூலக்கூறு உடையாமல் நின்றது. எடை 196. யூக்கலிப்டஸ் என்றால் 154தான் வரும். தைலம் இல்லையடா, லவண்டர்."

அடுத்த பஸ்ஸிலேயே இரகுநாதன் லயத்துக்குப் போனார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு நாலு மாதமாய் கணபதி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"உம்மடை தைலம் இல்லை, கணபதி. லவண்டராம். இஞ்ச ஆர் லவண்டர் பூசுறது?"

தும்மல் வந்தது. லேஞ்சியை எடுத்தார். மூக்குக்குப் போகும் வழியில் கை நின்றது. அதில் அவர் தினமும் தெளிப்பது லவண்டர்.

"இதே லேஞ்சிதாங்க," என்றார் கணபதி. "அந்தப் பெட்டியில விட்டுட்டுப் போயிட்டீங்க. மறுநா நாந்தான் எடுத்து பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துவுட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா லண்டனுக்கு அனுப்பியிருப்பீங்களாங்க?"

இரகுநாதன் லேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

1978 பெப்ரவரி 3ஆம் தேதி கணபதி வேலைக்குத் திரும்பினார். அன்று தோட்டத்துக்கு வந்த அறிக்கை: "தொழிலாளி மீது தவறில்லை. வாசனை வந்த வழி தெரியவில்லை. ஒப்பம், இரகுநாதன்."