எதிர் வரப்பு

மிரேயின் படம்தான் புதுச்சேரிக் கண்காட்சிக்குப் போகிறது என்று வாத்தியார் சொன்னதும் சௌந்தரவல்லிக்கு வயிறு எரிந்தது. புகைப்பட வகுப்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். மிரேயின் கேமரா அப்பா பாரிசிலிருந்து அனுப்பியது; பாவம், இவளுடையது இரவல்.

படத்தில், நெரவி ஊர் வயலிலிருந்து கொக்குக் கூட்டம் மொத்தமும் சிறகை விரித்து எழும்பிக்கொண்டிருந்தது.

“வெரட்டாம கொக்கு இப்படிக் கெளம்புமா சார்? நடக்கிறதுல நாம கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் சௌந்தரவல்லி.

வாத்தியார் மிரேயைப் பார்த்தார்.

“நான் வெரட்டல சார். அதுங்க காலையிலேர்ந்து நட்டு வச்ச மாதிரி நின்னுச்சுங்க. வெறுத்துப்போயி கெளம்பலாம்னு இருந்தேன். எந்தப் புண்ணியவானோ எதிர் வரப்புலேர்ந்து ஒரு மண்கட்டிய விட்டெறிஞ்சாரு.”

“அப்ப நடந்ததத்தான் எடுத்திருக்கே,” என்ற வாத்தியார் சௌந்தரவல்லி பக்கம் திரும்பினார். “நீயும் அன்னிக்கு அங்கதானே படம் எடுக்கப் போயிருந்தே? நீ ஏன் இத எடுக்கல?”

மிரேய்க்கு ஒரு படமும் அமையக் கூடாதென்று அந்த மண்கட்டியைப் பொறுக்கியபோது, கையிலிருந்த கேமராவைச் சௌந்தரவல்லி வரப்பில் வைத்துவிட்டிருந்தாள்.