ஒரே பள்ளத்தில் மூன்று கேபிள்

"திருச்செல்வம் அண்ணே, இன்னிக்கே கையெழுத்து போட்டுத் தந்துருங்களேன். பாஸ் அவசரப்படுறாரு."

சுகுமாறன் வரைபடத்தை மேசையில் விரித்தான். மெர்சிங் குன்றில் நிற்கப்போகும் காற்றாலைகளிலிருந்து துணைமின் நிலையம்வரை மூன்று நிலத்தடிக் கேபிள்கள். எவ்வளவு தடிமன் என்று கணக்குப் போட்டவன் சுகுமாறன். சரிபார்க்க வேண்டியவர் திருச்செல்வம். இரண்டு கையெழுத்தும் விழாமல் தம்போய் நகரில் இருக்கும் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு முழம் கேபிளுக்குக்கூட ஆர்டர் போகாது.

"பாஸுக்கு அவசரமா, உனக்கு அவசரமா?"

"ரெண்டு பேருக்கும்தாண்ணே."

அவன் சிரித்தது திருச்செல்வத்துக்குப் பிடிக்கவில்லை. நேற்று வந்தவன். மெர்சிங் பொறுப்பாளர் பதவி இவனுக்குத்தான் என்று அலுவலகமே பேசுகிறது. ஒரு வாரமாக முதலாளி அக்பரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஒரே காரில் போகிறார்கள். அந்தக் காரில் முன்பெல்லாம் திருச்செல்வம் போவார்.

"மெர்சிங்ல வீடு பார்த்தாச்சா?"

"யாருக்குண்ணே?"

"தெரியாத மாதிரி கேளு."

சுகுமாறன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

திருச்செல்வம் கணக்கைப் பார்த்தார். பாதியில் கண் நின்றது.

முதல் திட்டத்தில் மூன்று கேபிளுக்கும் தனித்தனிப் பள்ளம். போன மாதம் சாலை இலாகா ஒரே பள்ளத்துக்குத்தான் அனுமதி தந்தது. சுகுமாறன் வரைபடத்தை மாற்றியிருந்தான், கணக்கை மாற்றவில்லை. தனியாகக் கிடக்கும் கேபிளின் சூட்டை மண் வாங்கிக்கொள்ளும். மூன்றும் நெருங்கிக் கிடந்தால் ஒன்றின் சூட்டில் மற்றது வேகும். இன்னும் தடித்த கேபிள் வேண்டும். இல்லையென்றால் மழைக்காலக் காற்றில் எல்லா ஆலைகளும் முழு வேகத்தில் சுற்றும்போது தாங்காது.

சொல்ல ஒரு நிமிடம் போதும்.

கேபிள் வெந்துபோகும் நாளை அவர் நினைத்துப் பார்த்தார். பொறுப்பாளர் சுகுமாறன் அக்பர் முன்னால் தலைகுனிந்து நிற்பான். சரிபார்த்தவருக்கும் திட்டு விழும். விழட்டும். பதவி போவது அவனுக்குத்தான்.

"சரியா இருக்காண்ணே? பள்ளம் மாத்தினதுல ஏதாவது விட்டுட்டேனோன்னு ஒரு பயம்."

"உன் கணக்குல என்ன தப்பு வரப்போகுது லா."

கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஒரு தே தாரிக் டீக்குப் பதில் இரண்டு குடித்தார்.

வெள்ளிக்கிழமை அக்பர் எல்லோரையும் கூட்டினார். மேசையில் கேக் இருந்தது. திருச்செல்வம் பின்வரிசையில் நின்று, கை தட்டுவதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்.

"மெர்சிங் கேபிளை நேத்தே ஃபேக்டரியில செய்ய ஆரம்பிச்சிட்டாங்க," என்றார் அக்பர். "இனி நிறுத்த முடியாது. ஆர்டர் போறவரைக்கும் வேலை தடைப்படக்கூடாதுன்னு மறைச்சு வச்சேன், இப்ப சொல்லலாம். சுகுமாறனுக்குச் சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு. இன்னியோட கிளம்புறாரு."

அக்பர் கேக் வெட்டும் கத்தியை எடுத்துச் சுகுமாறனிடம் நீட்டினார்.

"மெர்சிங் பொறுப்புக்கு வெளியாள எடுக்கலாம்னு இருந்தேன். ஒரு வாரமா இவரு என் ரூம்ல உக்காந்து, வெளியாள் வேணாம், இங்க இருக்கிறவருக்கே தரணும்னு ஒரே சண்டை."

சுகுமாறன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திருச்செல்வத்தின் கையைப் பிடித்தான்.

"உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு பாஸ் வாயைக் கட்டிட்டாருண்ணே. கிளம்புற அவசரத்துல போட்ட கணக்கு. நீங்க பார்த்துட்டீங்க, இனிமே எனக்குப் பயமில்ல."

"காத்து சீசன் முழுக்க நீங்க மெர்சிங்லயே இருந்து பார்த்துக்கணும், திரு," என்றார் அக்பர். "நீங்கதான் பொறுப்பாளர்."