குப்பைமூலையில் ஒரு பாவு

காலை வெயில் நெசவாளர் தெருவில் சாய்வாக இறங்குகிறது. தெருக்கோடிக் குப்பைமூலையைத் தெருக்காரர்கள் நேற்றுதான் நான்காவது முறையாக அள்ளி, ஒரு புங்கங்கன்றும் நட்டார்கள். முன்பு மூன்று முறையும் மறுநாளே பைகள் குவிந்துவிட்டன. இன்று அதே இடத்தில் கலாவதி, தறியில் நெடுக்கிழையாக ஏற்றவேண்டிய பட்டுப் பாவை நீட்டிக் கட்டியிருக்கிறாள். அரக்குச் சிவப்பு இழைகள் ஆயிரக்கணக்கில் கன்றை ஒட்டி விறைத்து மின்னுகின்றன. "கோயில் மதிலோரம் நிழலா இருக்குது, இந்த நாத்தத்துல வந்து நீட்றியே," என்கிறார் மறுமுனையில் நிற்கும் அவள் கணவர் ஜெயக்குமார். "பாவு கிட்ட எவனும் எச்சில்கூடத் துப்ப மாட்டான். நாளைக்கு எதிர்வூட்டுப் பாவு. கன்னு வேர் புடிக்கிற வரிக்கும் தினம் ஒரு வூடு," என்கிறாள், அறுந்த இழையொன்றை முடிந்துகொண்டே. வேலைக்குப் போகிற வழியில் தினமும் இங்கே பை வீசுகிற செவிலிமேட்டுக்காரன் ஸ்கூட்டரை நிறுத்துகிறான். ஓங்கிய கை, பட்டைப் பார்த்ததும் அப்படியே நிற்கிறது. பையின் அடியிலிருந்து பழைய சாம்பார் அவன் ஷூவில் சொட்டுகிறது. "இங்க போடக்கூடாதாக்கா?" "போடேன். பாவுதான் இருக்குது," என்கிறாள் கலாவதி, நிமிராமல். பை மெல்ல ஸ்கூட்டர் கொக்கிக்குத் திரும்புகிறது. "வண்டிய அணைச்சிட்டு வாப்பா. நடுவுல தொய்யுது, இழைக்குள்ள செருகியிருக்குற அந்தக் கோலைப் புடி," என்கிறாள். அவன் வருகிறான். கோலைத் தொடுவதற்கு முன், இரண்டு கைகளையும் பேண்ட்டில் அழுந்தத் துடைத்துக்கொள்கிறான்.