ஓடைக்குள் ஓர் ஓட்டம்

பாலத்தை விட்டு விலகி, கூழாங்கற்கள் மினுங்கும் ஓடைக்கரையில் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதை ஓட்டிப் பார்க்க வந்திருப்பவள் கால்நடை மருத்துவர். மலைமேட்டுத் தொழுவங்களுக்கும் அவள் போயாக வேண்டும், மாமியாரை மூட்டுவலி சிகிச்சைக்கும் கூட்டிப்போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டிதான் கட்டுப்படியாகும். ஏறும்போதே படி உயரம் என்று முனகிய மாமியார் பின்னிருக்கையில் கண்ணை மூடியிருக்கிறார். "கியரை மாத்திட்டு மெதுவா விடுங்க மேடம், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்" என்கிற விற்பனையாளர், தலைக்கு மேலுள்ள கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருக்கிறார். அவள் வண்டியை ஓடைக்குள் இறக்குகிறாள். தண்ணீர் கதவின் விளிம்பைத் தொட்டுச் சலசலக்கிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏற, இன்னொன்று குழியில் அமிழ, வண்டி ஆடி அசைந்து, கொஞ்சமும் பதறாமல் அக்கரை மேட்டைப் பிடித்துவிடுகிறது. நனைந்த முகப்பில் வெயில் வழிகிறது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மறுகணம் மாமியாரின் நினைவு வந்து பிரேக்கை மிதிக்கிறாள். பஸ்ஸில் முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பவர் அவர். "அத்தை, தலை சுத்துதா?" கண்ணாடியில், நன்றாக விழித்திருக்கும் இரண்டு கண்கள். "சுத்தலம்மா. திரும்புறப்போ பாலம் வேணாம், இப்படியே ஓடையில இறக்கு."