வாளியில் இருந்த இரசாயனம்

நகரில் குண்டு வெடித்து இரண்டு மாதமும் ஆகாத 1996 மார்ச்சில் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில், ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர் தில்லைநாதன் வந்த ஓட்டோவிலிருந்து வெள்ளைக் களி நிறைந்த வாளியொன்று கைப்பற்றப்பட்டது.

“இது என்ன?” என்று கேட்ட பொலிஸ்காரருக்கு அவர் எழுத்துப் பிசகாமல், “பொலிவினைல் அசிற்றேற்” என்றார். பொலிஸ்காரர் துப்பாக்கியை நிமிர்த்தினார்.

மனைவி சரோஜினிதேவி பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவந்தாள்.

“நாளைக்குப் பிள்ளையின்ர கலியாண எழுத்து, பதிவுகாரர் வாறார். உந்தப் பேரை ஏனப்பா சொன்னனீங்கள்?”

“அதின்ர பேர் அதுதானே. பிழையாய்ச் சொல்லச் சொல்லுறீரோ?”

இன்ஸ்பெக்டர் களியில் கொஞ்சத்தைச் சிறு போத்தலில் எடுத்து, பகுப்பாய்வுக்கு அனுப்பும் தபாலுறைக்குள் வைத்தார். உறையின் வாய் ஒட்டவில்லை. அவர் வாளிக்குள் விரலை விட்டு, தொட்டுப் பூசி, அழுத்தினார். ஒட்டிக்கொண்டது.

தில்லைநாதன் எழுந்து நின்றார். “அப்ப உங்களுக்குத் தெரியும்தானே, சேர்?”

“தெரியாமல் என்ன, மாஸ்டர்? பைண்டர் கம், ஒட்டுற பசை. என்ர வீட்டு உடைஞ்ச கதிரைக்கும் இதுதான் பூசினது. அந்தப் பேரைச் சொல்லியிருந்தால் சாவடியிலேயே விட்டிருப்பாங்கள். இப்ப நீங்கள் சொன்ன பேரையெல்லோ எழுதியாச்சு.”

மகளின் எழுத்து மறுநாள் தகப்பன் இல்லாமல் நடந்தது. தபாலுறை பிரியாமல் போய்ச் சேர்ந்தது.